விர்டுஸ் ஜிடிக்கு 18 இன்ச் வீல்: விருதுநகர் ரோட்டுக்கு இது செட் ஆகுமா?

ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் 2022 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் ஜிடி மாடலில் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின், 150 பிஎஸ் சக்தி, 250 என்எம் டார்க். இன்ஜினைக் கொண்டாடியவர்கள்கூட வீலைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இவ்வளவு நீளமான வண்டிக்கு 16 இன்ச் வீல் சின்னதாகத் தெரிகிறது என்பதுதான் குறை. அண்ணன் தம்பி மாதிரி வந்த ஸ்கோடா ஸ்லாவியாவுக்கும் இதே பேச்சுதான்.

அப்புறம் என்ன? ரீல்ஸைத் திறந்தால் கறுப்பு நிற 18 இன்ச் அலாய், மட்கார்டோடு ஒட்டி நிற்கும் டயர், தாழ்ந்த வண்டி. பார்க்க செம கெத்து. வாங்கணும்னு தோணுவதில் தப்பே இல்லை. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா அப்பாவைப் பார்க்க சிவகாசிக்கும் சாத்தூருக்கும் ஓட்டிவரும் ஒருவர், ஆர்டர் போடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ரீல் எந்த ரோட்டில் எடுத்தது?

கரிசல் மண்ணும் 27 மில்லிமீட்டரும்

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாக இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 நான்கு வழிச்சாலை. அதில் எந்த வீலும் சிரமமில்லாமல் ஓடும். கதை மாறுவது அதைவிட்டு இறங்கிய பிறகு. விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக சிவகாசி போகிறவர்களுக்கும், சாத்தூர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கும் இது தெரியும்.

இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் பூமி. மழை பெய்தால் கரிசல் மண் உப்பும். வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன் மேல் போட்ட தார் மட்டும் எப்படி நேராக இருக்கும்? ரோடு அலை அலையாக மாறும், ஓரம் உள்வாங்கும். அந்த அலையின் மேல் பேப்பர் ரோலும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் ஓடும். தார் விட்ட இடத்தில் பள்ளம். பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி.

இப்போது டயரில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். விர்டுஸ் ஜிடியில் கம்பெனி கொடுப்பது 205/55 ஆர்16. 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவாலின் உயரம் என்ற கணக்கு. அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் சுமார் 113 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் இருக்கிறது. 18 இன்ச்சுக்குப் போகிறவர்கள் பலர் போடும் 215/40 ஆர்18 டயரில் அது 86 மில்லிமீட்டர். 27 மில்லிமீட்டர் போச்சு. ஒரு இன்ச்சுக்கு மேல்.

பள்ளத்தில் விழும்போது முதலில் அடி வாங்க வேண்டியது இந்தக் காற்றுதான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், இல்லையென்றால் விரியும். டயரின் ஓரத்தில் முட்டை மாதிரி வீக்கம் வந்தால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயருக்கு ரிப்பேர் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆமத்தூர் தாண்டி இது நடந்தால், பக்கத்துப் பஞ்சர் கடையில் 18 இன்ச் டயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் இந்த மாவட்டத்தில் அடிக்கடி ஓடும் ஸ்போர்ட்ஸ் செடானுக்கு 18 இன்ச் வேண்டாம் என்பதை மழுப்பாமல் சொல்லிவிடலாம். நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அது ஆசை. இங்கே அது வீண் செலவு.

17 இன்ச்: சரியான வழியும் தப்பான வழியும்

நடுவழி ஒன்று இருக்கிறது. விர்டுஸின் அதே அடித்தளத்தில் உருவான டைகுன், குஷாக் ஆகிய எஸ்யூவிக்களின் மேல்நிலை மாடல்களில் 17 இன்ச் வீல் வருகிறது. போல்ட் இடைவெளி ஒன்றே, நடுத்துளையும் ஒன்றே. அவற்றிலிருந்து கழற்றி விற்கப்படும் வீல்களை வாங்கி விர்டுஸில் மாட்டுவது பரவலான யோசனை, நல்ல யோசனையும்கூட. கம்பெனி சோதித்த வீல், கம்பெனி போல்ட்டே பொருந்தும். ஆஃப்செட்டை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வீலோடு சேர்த்து வரும் டயரில். டைகுனின் டயர் 205/55 ஆர்17. கணக்கு போட்டால் அதன் மொத்த விட்டம் 657 மில்லிமீட்டர். விர்டுஸின் பழைய டயரோ 632. நான்கு சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் பழைய மாதிரியே 100 என்று காட்டும்போது வண்டி முன்பைவிட நான்கு கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். (பொதுவாக ஸ்பீடோமீட்டர்கள் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும், அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் இது தின்கிறது.) பிக்அப்பும் மந்தமாகும். 150 பிஎஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைத் தானே மட்டுப்படுத்திக்கொள்வது என்ன கணக்கோ! மட்கார்டுக்குள் உரசுமா என்ற கவலை வேறு.

அதே வீலில் 205/50 ஆர்17 டயர் போட்டால் விட்டம் 637 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. சைடுவாலும் 102 மில்லிமீட்டருக்குக் குறையாது. 17 வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் போக வேண்டிய வழி இது. இதற்கு மேல் வேண்டாம்.

விட்டத்தில் ஒரு சதவீதம் முன்பின் இருந்தால் கவலையில்லை. மூன்றைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

'எல்லா காருக்கும் செட் ஆகும்' என்றால் உஷார்

வெளிக்கம்பெனி வீல் வாங்கும்போது கடைக்காரர் பிசிடி என்ற ஒன்றை மட்டும் கேட்பார். போல்ட் எத்தனை, அவை அமையும் வட்டத்தின் விட்டம் என்ன என்பது அது. விர்டுஸ், ஸ்லாவியாவுக்கு 5×100. இது தப்பினால் வீல் மாட்டவே மாட்டாது, ஆகவே இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஒரே பெயரில் தலைமுறை மாறும் கார்களில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். செகண்ட் ஹேண்டில் வரும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்30 தலைமுறைக்கு 5×120, அடுத்து வந்த ஜி20-க்கு 5×112. பேர் ஒண்ணுதான், வீல் மாறாது.

ஏமாறுவது மற்ற இடங்களில். நடுத்துளை என்பது ஹப்பின் மேல் வீல் உட்காரும் வட்டம். ஃபோக்ஸ்வேகனுக்கு 57.1 மில்லிமீட்டர், ஹோண்டா சிட்டிக்கு 56.1. வெளியில் கிடைக்கும் வீல்களில் பல, எல்லா கார்களுக்கும் விற்க வசதியாக 73.1 அளவில் துளையிட்டே வருகின்றன. நடுவில் உள்ள அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீல் நடுமையத்தில் உட்காராது. 80, 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் கடைக்கு நாலு தடவை அலைந்தும் தீராத பல நடுக்கங்களின் காரணம் சில நூறு ரூபாய் வளையம்தான்.

ஆஃப்செட் என்பது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண். உதாரணமாக 6 இன்ச் அகலமும் ஆஃப்செட் 40-ம் உள்ள வீலை எடுத்துவிட்டு 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 35 போட்டால், வெளி விளிம்பு 18 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். உள் விளிம்பு 8 மில்லிமீட்டர் உள்ளே போகும். போட்டோவில் அழகு. நான்கு பேரும் பட்டாசுப் பெட்டியும் ஏறி வண்டி அமுங்கியதும் பின்டயர் மட்கார்டில் உரசும். வெளியே துருத்தும் டயர் ஜல்லியை வாரி கதவிலேயே அடிக்கும்.

இனி, பலரும் பேசாத விஷயம்: போல்ட்டின் அடிப்பகுதி. ஃபோக்ஸ்வேகன் போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டை வடிவம் இருக்கும். ஹோண்டா நட்டும் உருண்டைதான். ஆனால் வெளிக்கம்பெனி வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவத்துக்காகவே செய்யப்படுகின்றன. கூம்புக் குழிக்குள் உருண்டை போல்ட்டை முடுக்கினால் நன்றாக இறுகின மாதிரியே தெரியும். உண்மையில் மெல்லிய ஒரு வளையக்கோட்டில் மட்டும்தான் அது தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும். வளைந்த ரிம்மாவது ஆடிக் காட்டிக்கொடுக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஆபத்து. புது வீல் என்றால் அதற்கேற்ற புது போல்ட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். காற்று கன்னால் முடுக்கிவிட்டு அனுப்பினால் போதாது; வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை பார்க்கவும்.

கடையில் ஒரு நிபந்தனையும் வையுங்கள்: டயர் ஏற்றும் முன் வெறும் வீலை மாட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் கேலிப்பரில் வீலின் கம்பிகள் தட்டுகிறதா, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்துவிடலாம். டயர் ஏற்றிய வீலைத் திருப்பித் தர எந்தக் கடையும் லேசில் சம்மதிக்காது. வீலின் பின்புறம் எவ்வளவு கிலோ தாங்கும் என்ற எண் வார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். அது இல்லாத வீலை எவ்வளவு தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள அளவிலேயே இருப்பவருக்கு இதில் பயமே இல்லை. 205/50 ஆர்17 இந்திய விர்டுஸின் ஸ்டிக்கரில் இல்லாத அளவு என்பதை 17-க்குப் போகிறவர்கள் தெரிந்தே போக வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டு, மாற்றத்தைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து டயரைப் பார்த்து விரல் நீட்டும்போது விளக்கம் சொல்ல ஆரம்பிப்பது லேட்.

வீலை விடுங்க, டயரைப் பாருங்க

வண்டி பார்க்க எப்படி இருக்கிறது என்பது முக்கியம்தான். ஆனால் வண்டி எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி என்றால், அதே 16 இன்ச் வீலை வைத்துக்கொண்டு டயரை மட்டும் மேம்படுத்துவதுதான் காசுக்கு நியாயம். 205/55 ஆர்16 உலகம் முழுக்கப் புழங்கும் அளவு. மிஷெலின், கான்டினென்டல், பிரிட்ஜ்ஸ்டோன் முதல் நம்மூர் எம்ஆர்எஃப் வரை இதில் டயர் உண்டு. அவசரத்துக்கு மதுரையிலாவது கிடைத்துவிடும்.

ஈரத்தில் பிடிப்பு எப்படி என்று முதலில் விசாரியுங்கள். வறண்ட ஊர்க்காரருக்கு அது எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் சீசன் வந்தால் சிவகாசி வண்டிகள் ராஜபாளையம், தென்காசி வழியாகக் குற்றாலம் போகாமல் இருக்குமா? சாரலில் நனைந்த ரோட்டில், வண்டி நிறைய ஆளோடு, வளைவில் பிரேக் மிதிக்கும்போது டயர் மட்டும்தான் துணை. அகலமான டயர் என்றால் ஈரத்திலும் பிடிப்பு அதிகம் என்ற நம்பிக்கையும் முழுக்க உண்மையல்ல. தேங்கிய தண்ணீரில் அகல டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

அளவுக்குப் பக்கத்தில் 91வி என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. புது டயர் இதற்குக் கீழே இறங்கக் கூடாது, ஏறலாம். இன்னொரு நான்கு இலக்க எண் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். நாட்டுக்கே காலண்டர் அச்சடித்துக் கொடுக்கும் ஊர்க்காரர்கள் பழைய தேதி டயரைப் புதுசு என்று வாங்கிவரக் கூடாது.

அப்புறம் அந்தப் பழைய அறிவுரை: வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வை. கேட்காதீர்கள். காற்று குறைந்தால் சைடுவால் அதிகமாக மடங்கி மடங்கி இன்னும் சூடாகும். மே மாத விருதுநகர் வெயிலில் டயர் வெடிக்க அதுவே வழி. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவை, வண்டி ஓடுவதற்கு முன், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஆள் நிறைய என்றால் அதிலேயே தனி அளவு போட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் மீறி வெளிக்கம்பெனி வீல்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல்தான். புது கூம்பு போல்ட் அதற்குப் பொருந்தாது. கழற்றிய பழைய போல்ட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல், ஒரு பையில் கட்டி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.