சங்கத்துக்கு எந்தத் தொலைபேசி?



மாதர் சங்க அலுவலகங்களுக்குச் செலவு குறைந்த இணையத் தொலைபேசி எது என்பதை இம்மாதம் பார்ப்போம். முதலில் உங்களை அழைப்பவர்கள் யார் என்று யோசியுங்கள். வெளிநாட்டு உறவுகளும் உதவி நிறுவனங்களும் மட்டும் என்றால் இணையம் போதும். ஒட்டுசுட்டானிலிருந்து பட்டன் போனில் மிஸ்ட் கோல் அடிக்கும் அம்மாவுக்கு அது உதவாது. எங்கள் பக்கத்தில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள்.

கடைகளில் ஐ.பி. போன் என்று விற்கப்படும் மேசைத் தொலைபேசிகள், அழைப்பை ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்க நல்லவை. இரண்டு மேசைகள் உள்ள சங்கம் அதற்கென மாதக் கட்டணம் கட்டுவது வீண் செலவு என்பேன். 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம். ஒரே இலக்கத்தைக் கைத்தொலைபேசியோடு கணினி உட்பட மேலும் நான்கு கருவிகளில் பாவிக்கலாம். அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் அனுப்பவும் வழியுண்டு. டேட்டா செலவு மட்டும்தான்.

ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாட்டில் முடக்கப்பட்டன. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போனால் றவுட்டரும் போய்விடும். பலரும் நம்பியிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. ஆகவே அதே சிம்மில் சாதாரண அழைப்புக்கும் எப்போதும் கொஞ்சம் காசு போட்டு வையுங்கள்.

செலவை விட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த இலக்கம் யாருடையது என்பதுதான். பல சங்கங்களில் செயலாளரின் சொந்தக் கைத்தொலைபேசிதான் சங்கத் தொலைபேசி. அவர் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனால் இலக்கமும் கூடவே போகிறது. கணவரின் அடி, நுண்கடன் தவணை, காணாமல் போனவரின் பத்திரங்கள் என்று பெண்கள் நம்பிச் சொன்னவையும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒருத்தி அனுப்பிய அடையாள அட்டைப் படம் செயலாளர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் போனில் கிடக்கலாமா?

சங்கத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டி, சங்கத்தின் பெயரில் சிம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரகசிய எண்ணைப் போட்டு, அதைத் தலைவரும் செயலாளரும் மட்டும் தெரிந்து வைத்திருங்கள். படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதை நிறுத்திவிடுங்கள். ஒருவர் பதவி விலகும் அன்றே அவருடைய கருவியை இணைப்பிலிருந்து நீக்குங்கள். கூச்சப்பட வேண்டாம், அது அவருக்கும் பாதுகாப்பு.

இன்னொன்று. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவிச் சேவை 1938 ஆகியவற்றை வட்ஸ்அப்பில் அழைக்க முடியாது. சாதாரண அழைப்பில்தான் எடுக்க வேண்டும். இந்த மூன்று இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசி இருக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.