வெள்ளக் கோடு எங்கே ஓடுகிறது?

புனேயில் வாடகைக்கு வீடு தேடுகிற தொழிலாளி எதையெல்லாம் விசாரிக்கிறார்? முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பிம்ப்ரிக்கோ போசரிக்கோ பஸ் வசதி உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று இவ்வளவையும் விசாரிக்கிறார். ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை. அந்த வீடு ஆற்றின் வெள்ளக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை. விசாரித்தாலும் வீட்டுக்காரர் சொல்லப் போவதில்லை. தரகர் சொல்லவே போவதில்லை. சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. சொல்வதற்கான வழியும் இன்று உண்டு.

வெள்ளம் புனேக்குப் புதிதல்ல. 12.7.1961 அன்று பான்ஷேத் அணை உடைந்து முத்தா நதி நகருக்குள் புகுந்ததைப் பழைய பூனாவாசிகள் இன்றும் பேசுவார்கள். அது எப்போதோ நடந்த விபத்து என்று தள்ளிவிட முடியாது. 25.9.2019 இரவு அம்பில் ஓடை பெருகியபோது புனேயிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. 25.7.2024 அன்று விடியற்காலையில் கடக்வாஸ்லா அணையிலிருந்து வினாடிக்குச் சுமார் 35,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சிம்மகட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரியில் தூங்கி எழுந்தவர்கள் கண்டது வீட்டுக்குள் ஆற்றைத்தான். அன்று டெக்கான் பகுதியில் தள்ளுவண்டியைப் பத்திரப்படுத்தப் போன மூவர் மின்சாரம் தாக்கி மாண்டனர்.

கோடு உண்டு, காண்பார் இல்லை

மராட்டிய மாநிலத்தில் ஆறுகளுக்கு இரண்டு வெள்ளக் கோடுகள் வகுக்கப்படுகின்றன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் எல்லை நீலக் கோடு. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம் எட்டும் எல்லை சிவப்புக் கோடு. ஆற்றுக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவே வீடு கட்டக் கூடாது. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே நிபந்தனையோடு கட்டலாம். இக்கோடுகளை வகுப்பது மாநில நீர்வளத் துறை. நகர வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் அவற்றை ஏற்றுவது மாநகராட்சி. ஆனால் அந்தக் கோடு தன் தலைமாட்டிலா கால்மாட்டிலா ஓடுகிறது என்பதைக் குடியிருப்பவர் மட்டும் அறியார்.

புனேயில் அறிவுக்குப் பஞ்சமா? ஆற்று நீரின் போக்கை ஆராயும், 1916-இல் தொடங்கப்பட்ட மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. வானிலைத் துறையின் பெரிய அலுவலகம் சிவாஜி நகரில் இருக்கிறது. மாநிலத்தின் நிலப் பதிவேடுகளுக்கெல்லாம் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான். 1988-இல் தொடங்கப்பட்டு, நாட்டுக்கு 'பரம்' கம்ப்யூட்டரைத் தந்த சி-டாக் நிறுவனமும் இந்த ஊர்தான். இத்தனை இருந்தும், ஒரு துறையின் வரைபடத்தை இன்னொரு துறையின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பது பாமரனுக்கு இமாலயக் காரியமாக இருக்கிறது.

முளா நதியையே எடுத்துக்கொள்ளலாம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வசிக்கும் பகுதிகள் அதன் இரு கரையிலும் உண்டு. ஒரு கரையில் போபோடி. அது புனே மாநகராட்சியைச் சேர்ந்தது. எதிர்க் கரையில் தாபோடி. அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. பக்கத்திலேயே கட்கி கன்டோன்மென்ட். அதற்குத் தனி நிர்வாகம். ஆற்று வெள்ளம் எந்த வார்டு, எந்த ஆபீஸ் என்று கேட்டுக்கொண்டா வருகிறது? ஆறு ஒன்றாக இருக்கும்போது அதன் வரைபடம் மட்டும் துண்டு துண்டாக இருப்பானேன்?

சென்ட்ரலும் எழும்பூரும்

இதற்கு உலகம் கண்ட மருந்துதான் திறந்த தரம் என்பது. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. அந்நாளில் புனேயிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போனவர்கள் சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்கு ஓடியதை மறந்திருக்க மாட்டார்கள். சென்ட்ரல் வரை அகலப்பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் பாதை. ரயில் ஒன்றுதான், சர்க்கார் ஒன்றுதான். தண்டவாளத்தின் அளவு மட்டும் வேறு. இன்று மும்பையில் புறப்படும் ரயில் புனே வழியாக நாகர்கோவில் வரை நேரே போகிறது. பாதை ஒரே அளவாக ஆனதுதான் காரணம்.

வரைபடங்களுக்கும் அப்படி ஓர் ஒரே அளவுப் பாதை உண்டு. 1994-இல் அமைந்த 'ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்ட்டியம்' என்ற சர்வதேச அமைப்பு அதை வகுத்தது. 'வெப் மேப் சர்வீஸ்' என்ற தரம் 2000-ஆம் ஆண்டிலும், 'வெப் ஃபீச்சர் சர்வீஸ்' என்ற தரம் 2002-லும் வெளிவந்தன. முதலாவதை சர்வதேசத் தர அமைப்பும் 2005-இல் ஏற்றுக்கொண்டது. விதிமுறைகள் யாவருக்கும் வெளிப்படை. அவற்றைப் பின்பற்ற எந்தக் கம்பெனிக்கும் கப்பம் கட்ட வேண்டாம்.

வேலை நடக்கும் விதம் எளிது. உங்கள் கம்ப்யூட்டரோ கைப்பேசியோ, வரைபடம் வைத்திருக்கும் அலுவலகத்தின் கம்ப்யூட்டரிடம் முதலில் கேட்கிறது: "உன்னிடம் என்னென்ன வரைபடங்கள் உண்டு?" அது பட்டியலைத் தருகிறது. "சரி, தாபோடிப் பகுதியின் வெள்ளக் கோட்டை மட்டும் இந்த அளவில் கொடு" என்று அடுத்துக் கேட்கிறது. அதுவும் வருகிறது. இதே கேள்வியை இதே வார்த்தைகளில் மாநகராட்சியிடம் கேட்கலாம், நீர்வளத் துறையிடம் கேட்கலாம், ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 2009 முதல் நடத்தும் 'புவன்' தளத்திடமும் கேட்கலாம். மூன்று பதில்களும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தானே பொருந்தும். எந்தத் துறையும் தன் வரைபடத்தை இன்னொரு துறைக்குத் தாரை வார்க்க வேண்டியதில்லை. அவரவர் வரைபடம் அவரவர் இடத்திலேயே இருக்கும்.

இரண்டு தரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் குமாஸ்தாக்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கணக்குப் பேரேட்டைப் புகைப்படம் எடுத்துக் கொடுத்தால் பார்க்கலாம்; கூட்டிக் கழிக்க முடியாது. பேரேட்டையே கொடுத்தால் கூட்டலாம், கழிக்கலாம், தவறு இருந்தால் கண்டுபிடிக்கலாம். முதல் தரம் வரைபடத்தின் படத்தைத் தருகிறது. இரண்டாவது தரம் கோட்டையே, அதன் ஒவ்வொரு புள்ளியின் அளவோடு தருகிறது. அது இருந்தால்தான் 'இந்த வீட்டிலிருந்து நீலக் கோடு எத்தனை அடி தூரம்?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அச்சுத் தாளைப் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக இணையத்தில் போட்டுவிட்டு, "வெளியிட்டுவிட்டோம்" என்று சொல்வது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நாட்டை முறையாக அளக்கும் பெரும் பணி 1802-இல் சென்னை பரங்கிமலை அருகேதான் தொடங்கியது, தொடங்கியவர் லாம்டன். அவர் வழிவந்த எவரெஸ்டின் பெயரால் அமைந்த பழைய அளவு முறையில் வரைந்த படங்கள் இன்னும் அலுவலகங்களில் உண்டு. செயற்கைக்கோள் காட்டும் புதிய முறையின் மேல் அதை அப்படியே வைத்தால், கோடு ஒரு தெரு தள்ளி விழும். வெள்ளக் கோடு ஒரு தெரு தள்ளி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுமா? எந்த அளவு முறையில் வரைந்தது என்பதையும் வரைபடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது திறந்த தரத்தின் விதி.

தடை எங்கே?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 'ஜியோசர்வர்', 'மேப்சர்வர்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சட்டம் இடம் தரவில்லை என்றும் சொல்ல முடியாது. வரைபடம் என்றாலே இராணுவ ரகசியம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. பொதுப் பணத்தில் தயாரான புவியியல் தகவல்கள் இந்தியர்களின் வளர்ச்சிப் பணிகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசு 15.2.2021 அன்று அறிவித்தது. 2022 டிசம்பரில் வந்த தேசியப் புவியிடக் கொள்கையும் திறந்த தரங்களை வரவேற்கிறது. ஆகவே, குறை மனத்தில்தான்.

ஒரு நியாயமான அச்சமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கோடு வெளிச்சத்துக்கு வந்தால், "நீ கோட்டுக்குள் இருக்கிறாய், காலி செய்" என்று முதலில் துரத்தப்படுபவன் குடிசைவாசிதானே என்று ஏழைகள் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டும்: வரைபடம் மறைந்திருந்ததால் எந்தக் குடிசையாவது பிழைத்ததா? இடிக்க வருகிறவர் கையில் அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது இடிபடுகிறவர் கையில்தான். வரைபடம் எல்லார் கைக்கும் வந்தால், கோட்டுக்குள் நிற்கும் குடிசையும் தெரியும். அதே கோட்டுக்குள் எழும்பிய மாடிக் கட்டடமும் தெரியும். மாற்று இடம் கேட்பவனுக்கு அதுவே ஆதாரம். இருட்டில் இருக்கும் வரைபடம் என்றும் வலியவன் பக்கமே பேசும்.

தொழிலாளிக்கு வரைபடம் பார்க்கத் தெரியுமா என்று கேட்பவர்களும் உண்டு. தெரிய வேண்டியதில்லை. கோடு திறந்த தரத்தில் கிடைத்தால், கம்ப்யூட்டர் படிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், இருக்கும் இடத்தைச் சொன்னால் தமிழிலேயே பதில் சொல்லும் ஒரு செயலியை எழுதிவிட முடியும். மராட்டியில், இந்தியில், கன்னடத்திலும் எழுதலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற திறந்த வரைபடத்தின் மேல் குறித்து ஊருக்குக் காட்டினார்கள். அடிப்படை வரைபடம் திறந்திருந்ததால் அது முடிந்தது.

செய்ய வேண்டியது

புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிகளும், கன்டோன்மென்ட் நிர்வாகங்களும், நீர்வளத் துறையும் ஒரே தரத்தில் தங்கள் வரைபடங்களை இணையத்தில் வழங்க வேண்டும். வெள்ளக் கோடுகள், ஓடைகள், மழைநீர் வடிகால்கள், வளர்ச்சித் திட்டம், அணையில் இத்தனை கன அடி திறந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்ற கணக்கு, ஒதுங்க வேண்டிய பள்ளிக்கூடங்கள் ஆகியவை முதலில் வரட்டும். கட்டணமோ கடவுச்சொல்லோ கூடாது. கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, பொறுப்பான அலுவலகம் எது என்பவையும் கூடவே இருக்க வேண்டும். பெயரளவுக்கு ஒருமுறை திறந்துவிட்டு மறந்துபோகும் ஜன்னல் யாருக்கும் பயன்படாது.

தமிழ் அமைப்புகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. பொங்கல் விழா நடத்துவது போலவே, மழைக்காலத்துக்கு முன் இந்தக் கோரிக்கையை வார்டு உறுப்பினரிடமும் ஆணையரிடமும் மனுவாகக் கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. தங்கள் குடியிருப்பின் வெள்ளக் கோட்டை அதன்படி கேட்டுப் பெறலாம். கேட்பவர் பெருகினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நகல் எடுத்துக் கொடுப்பதைவிட எல்லாருக்கும் திறந்துவிடுவதே சுலபம் என்பதை அதிகாரிகளே உணர்வார்கள்.

அணையின் மதகைத் திறக்க ஒரு உத்தரவு போதும். வரைபடத்தைத் திறக்கவும் ஒரு உத்தரவு போதும். இரண்டாவது உத்தரவு முதலில் வர வேண்டும்.