தங்கத்தின் பூர்வோத்தரம்

மாரிக்குப்பம் இரயிலடியில் இறங்கி, சயனைடு மேடுகளைச் சுற்றிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குள் வருகிற எவருக்கும், இம்மண்ணிலிருந்து போன பொன்னுக்கு ஒரு காலத்தில் முகவரி இருந்தது என்பது நினைவுக்கு வராமற்போகாது. சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம், மைசூர் என்று சுரங்கத்தின் பெயரைச் சொன்னால், அதில் இறங்கி உழைத்த வட ஆற்காட்டாரும் சேலத்தாரும் இன்னின்ன வரிசை வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை கம்பெனிகள் அறிந்திருந்தன. அறிந்ததோடு திருப்தியடையாமல், 1930ஆம் ஆண்டில் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டு, பெரியதொரு வேலைநிறுத்தத்தையே விளைவித்துக்கொண்டன. அந்த முறையை நாம் புகழவில்லை. திருட்டுக்கு அஞ்சினால் பொன் வந்த வழியையும் தொட்ட கையையும் தொடர்ந்து செல்ல இயலும் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு இங்கே சுரங்கவேலை நின்றது. கர்நாடகத்தில் இன்றும் இயங்கும் ஹட்டி சுரங்கம் ஆண்டுக்குத் தரும் ஒன்றரை டன்னளவான பொன், பல நூறு டன் கொள்ளும் நம் தேசத்தின் வர்த்தகத்துக்கு எம்மாத்திரம்? நம் நகைப் பட்டறைகளுக்கு வரும் தங்கக் கட்டி பெரும்பாலும் கடல் கடந்து வருவதே. அதில் ஒரு பகுதி, மாலி, புர்கினா பாசோ, கானா, டான்சானியா முதலிய நாடுகளின் சிறு குழிகளிலிருந்து புறப்படுகிறது. மாலியில் மட்டும் குறைந்தது இருபதாயிரம் குழந்தைகள் இக்குழிகளில் உழல்வதாக 2011இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் எழுதியது. குழியில் இறங்கிக் கல் சுமந்து, உரலிலிட்டு இடித்து, அலசி எடுத்த துகளைப் பாதரசத்தோடு வெறுங்கையால் பிசைந்து, அதை நெருப்பில் காட்டும்போது எழும் புகையைச் சுவாசிக்கும் சிறுவனிடமிருந்து, குழியருகில் நிற்கும் தரகன் வாங்குகிறான். அவனிடமிருந்து பட்டணத்து வியாபாரி, அவனிடமிருந்து ஏற்றுமதிக்காரன் என்று கைமாறி, உருக்காலையின் மூசையில் வேறு நாட்டுப் பொன்னோடு கலந்த கணமே அதன் பூர்வோத்தரம் முற்றிலும் அழிந்துபோகிறது. உரைகல்லில் எத்தனை முறை தேய்த்தாலும் மாற்றுத்தான் தெரியும், கை தெரியாது.

2023 ஏப்ரல் முதல் எண்ணும் எழுத்துமான ஆறிலக்க ஹால்மார்க் குறியில்லாத நகையை விற்கலாகாது என்பது சட்டம். அக்குறி நகையின் சுத்தத்தையும், முத்திரையிடச் செய்த கடையையும், சோதித்த நிலையத்தையும் சொல்கிறது. அதற்குப் பின்னால் போக அது யத்தனிப்பதில்லை. குழந்தைத் தொழிலின் கொடிய வடிவங்களைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையை 2017இல் நம் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதும், இலண்டன் தங்கச் சந்தைச் சங்கம் தன் பட்டியலிலுள்ள உருக்காலைகளைப் பொன்னின் மூலத்தை ஆராயுமாறு 2012 முதல் பணித்திருப்பதும் வாஸ்தவமே. ஆயினும் அந்த விசாரணை நம் கடைவாசல் வரை வந்து சேரவில்லை.

செய்கூலியையும் சேதாரத்தையும் மில்லிகிராம் பிசகாமல் கணக்கிடும் நம் வாசகர்கள், இனி கட்டி வாங்கும்போது உருக்காலையாரிடம் சுரங்கத்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நாட்டின் பெயர் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். துபாய் என்று எழுதித் தருகிறார்கள்; அங்கே தங்கச் சுரங்கம் ஏது?