பாட்டி வீட்டுக்கு வந்த பேரன்

பரண் ஒழிக்கப்போகிறீர்களா, சகோதரிகளே? ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டு ஏணியில் ஏறுங்கள்.

சிதம்பரத்தில் என் நாத்தனார் வீட்டுப் பரணிலிருந்து டைப்ரைட்டர் மாதிரி ஒன்று இறங்கியது. "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம், அண்ணி" என்றாள். என் பிள்ளை கேட்கவில்லை. கடலூருக்குத் தூக்கி வந்துவிட்டான்.

அது பி.பி.சி. மைக்ரோ. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் கம்பெனி 1981-ல் வெளியிட்ட கம்ப்யூட்டர். மத்திய அரசு 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. வாத்தியாராயிருந்த நாத்தனார் புருஷர், பள்ளிக்கூடத்தில் கழித்ததை ஏலத்தில் எடுத்திருந்தாராம்.

ஆசையாக ஸ்விட்சைப் போட்டோம். கூடமெல்லாம் புகை! வயதான கண்டென்சரைப் பார்க்காமல் மின்சாரம் கொடுத்தது எங்கள் அசட்டுத்தனம். டி.வி. மெக்கானிக் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

இந்தப் பாட்டியோடு 'ராஸ்பெர்ரி பை ஸீரோ'வை இணைக்கப் பிள்ளை கிளம்பினான். அது 2015-ல் வந்த, பிஸ்கோத்து அளவே உள்ள ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர். பாட்டிக்கு ஞாபகசக்தி 32 கிலோபைட். இந்தப் பொடிப்பயலுக்கு 512 மெகாபைட். பதினாறாயிரம் மடங்குக்கும் மேல்!

பாட்டியின் அடிப்புறத்தில் 'ட்யூப்' என்ற இணைப்பு, நாற்பது ஊசிகளோடு இருக்கிறது. பயலுக்கும் நாற்பது. "சரியாயிருக்கிறதே, மாட்டிவிடேன்" என்றேன். "ஐயோ அம்மா!" என்று அலறினான். பாட்டி பேசுவது 5 வோல்ட்டில். பயல் தாங்குவது 3.3 வோல்ட்தான். நேரே மாட்டினால் கருகிவிடுவான். நடுவே வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு சிறு பலகை வேண்டும். குழந்தைக்குப் பாலை ஆற்றிக் கொடுக்கிறோமே, அதுபோல!

இன்னொரு விசேஷம் கேளுங்கள். பயலுக்குள் இருப்பது 'ஆர்ம்' சிப். அதன் முதல் சிப்பை ஏக்கார்னில் உருவாக்கியவர்கள் ஸோஃபி வில்ஸன் என்ற பெண்மணியும் ஸ்டீவ் ஃபர்பரும். 1985-ல் அதை இதே மைக்ரோவோடு, இதே ட்யூப் வழியாக இணைத்துத்தான் ஓட்டினார்கள். உங்கள் கைபேசிக்குள் இருப்பதும் அந்த வம்சமே. பேரன் பாட்டி வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான்!

போன ஞாயிறு நாத்தனாரும் புருஷரும் வந்தார்கள். ரிட்டையரானபின் பேச்சே குறைந்துபோனவர் அவர். பாட்டியின் விசைகளைத் தட்டினார். கணக்கைப் பயல் போட்டான். பாட்டி திரையில் காட்டினாள். பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"இரும்புக்காரன் வந்தானா?" என்று கேட்டேன்.

"வந்தான், அண்ணி. போட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்" என்றாள் நாத்தனார்.