பொறியியல் கல்லாதாரும் தொழில்நுட்பத் தொழிலும்

தொழில் தொடங்குவதற்கு முதலும் இடமும் ஆளும் வேண்டும் என்று எண்ணியது முந்தைய தலைமுறை. தொழில்நுட்பத் தொழிலாயின் அவற்றோடு பொறியியல் பட்டமும் வேண்டும் என்று எண்ணுகிறது இன்றைய தலைமுறை. இவ்வெண்ணம் வேப்பனப்பள்ளி போன்ற எல்லைப்புற ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வடக்கே கருநாடகமும் கிழக்கே ஆந்திரமும் தொட்டுக்கொண்டிருக்க, மேற்கே ஓசூரின் ஆலைகள் அழைத்துக்கொண்டிருக்கும் பகுதி இது. இங்கே தமிழும் வரலாறும் வணிகவியலும் கற்ற இளைஞர்கள், ஆலை வாயிலில் ஆளெடுப்புக்கு நிற்பதே தம் கல்வியின் எல்லை என்று கருதிவிடுகின்றனர். நம் மண்ணில் எழும் ஆலைகளுக்கு நாம் என்றென்றும் வேலையாட்கள் மட்டுந்தானா? கலைக்கல்லூரி மாணவர் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் உரிமையாளராக முடியாதா?

முடியும் என்பதே நம் கருத்து. அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை; ஓசூருக்குச் சென்றாலே போதும்.

1984ஆம் ஆண்டு, டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் இணைந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் முதல் நிருவாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய். அவர் பொறியாளர் அல்லர். கடிகாரத் தொழிலில் பழகியவரும் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, டாடா அச்சகத்தை நடத்தி வந்தவர். அந்நாளில் இந்தியக் கடிகாரச் சந்தையில் பெங்களூரின் எச்.எம்.டி. கோலோச்சியது, மக்கள் கைகளில் பெரும்பாலும் சாவி கொடுக்கும் கடிகாரங்களே இருந்தன. வருங்காலம் குவார்ட்ஸ் கடிகாரத்திற்கே உரியது என்றும், கடிகாரம் என்பது மணி காட்டும் கருவி மட்டுமன்று, அணிகலனுமாகும் என்றும் தேசாய் கணித்தார். இக்கணிப்புக்கு வேண்டியிருந்தது மக்களைப் பற்றிய அறிவேயன்றிப் பொறியியல் பட்டமன்று.

எனினும் தொழில்நுட்பத்தை அவர் புறக்கணித்தாரா எனின், இல்லை. பிரெஞ்சு நாட்டு நிறுவனத்தோடு நுட்ப உடன்பாடு செய்துகொண்டார். எச்.எம்.டி.யில் தேர்ந்த பொறியாளர்களை அழைத்துக்கொண்டார். ஓசூரைச் சுற்றிய சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரையும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்து, நுண்ணிய வேலையில் பயிற்றுவித்தது அந்நிறுவனம். 1987இல் டைட்டன் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. 2002இல் வெளிவந்த ‘எட்ஜ்’ கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டரே. தொழில்நுட்பத்தில் மூத்ததாகிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதென 2016இல் முடிவாயிற்று. நுட்பம் அறிந்திருத்தல் வேறு, அந்நுட்பம் யாருக்கு எவ்வாறு பயன்படும் என்று அறிந்திருத்தல் வேறு என்பதற்கு இவ்விரு நிறுவனங்களின் வரலாறே விளக்கம்.

“டாடாவின் மூலதனமும் அரசின் துணையும் இருந்தன, நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று மாணவர் கேட்கக்கூடும். நியாயமான வினா. அதற்கும் ஓசூரிலேயே விடை உண்டு. 1990களில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, இப்பகுதியின் தன்னுதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் ‘மீடோ’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகளைக் கோத்துக் கொடுக்கும் பணியை ஏற்றனர். பட்டமும் முதலும் இல்லாத அச்சிற்றூர்ப் பெண்கள் கூலியாட்களாக நின்றுவிடவில்லை. தங்களுக்கே உரிய நிறுவனமாக அதைப் பதிவு செய்துகொண்டனர். வேலை செய்பவரே உரிமையாளராகவும் ஆகலாம் என்பதை அவர்கள் காட்டினர்.

கணினியும் இணையமும் சார்ந்த தொழிலுக்கும் இது பொருந்துமா? சீனத்தின் ஹாங்சோ நகரில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஜாக் மா, 1999இல் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் நிரல் எழுதத் தெரிந்தவர் அல்லர். சிறு வணிகர் தம் சரக்கை உலகச் சந்தைக்குக் கொண்டு செல்ல வழியின்றித் தவிப்பதை அறிந்தவர். நிரல் எழுதுவோர் அவருடைய தொடக்கக் குழுவிலேயே இருந்தனர். மொழி கற்பித்த ஆசிரியர் ஒருவர் உலகின் பெரும் இணைய வணிக நிறுவனங்களுள் ஒன்றைக் கட்டியெழுப்பினார் என்பது, மொழித்துறை மாணவர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தியாகும்.

ஆயினும் ஆர்வம் மட்டுமே போதும் என்று நாம் கூறவில்லை. நுட்பம் அறியாதார் இத்துறையில் இறங்கும்போது மூன்று கடமைகள் உள்ளன.

முதலாவது, தீர்க்க வேண்டிய குறையைத் துல்லியமாக அறிதல். கிருட்டிணகிரி மாவட்டம் மாம்பழத்திற்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. விளைச்சல் மிகும் ஆண்டில் விலை வீழ்ந்து உழவர் தவிப்பதையும், இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் நகரத்துப் பொறியாளரைவிட நம் மாணவர் நன்கறிவர். வேப்பனப்பள்ளிச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒலிக்கின்றன. எழுதப் படிக்கத் தயங்கும் உழவருக்கு அவர் பேசும் மொழியிலேயே குரல்வழி விலை நிலவரம் சொல்லும் ஒரு சேவையை எண்ணிப் பாருங்கள். அதற்கு நிரலாளர் எத்துணை இன்றியமையாதவரோ, அத்துணை இன்றியமையாதவர் வட்டார வழக்கறிந்த மொழி மாணவரும்.

இரண்டாவது, நுட்பம் அறிந்தவரைக் கூலிக்கு அமர்த்தாமல் பங்காளியாக்கிக்கொள்ளுதல். பணம் கொடுத்து வெளியாரிடம் மென்பொருள் எழுதி வாங்கியவர்கள், அதில் ஒரு பிழை நேர்ந்தாலும் திருத்த ஆளின்றித் திகைப்பதை நாம் காண்கிறோம். நிரலும் அதன் உரிமையும் நிறுவனத்திடமே இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு, இடையில் விலகுவோர் நிலை என்ன என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வடித்துக்கொள்ளுதல் நட்பையும் தொழிலையும் ஒருசேரக் காக்கும்.

மூன்றாவது, கற்றல். நிரல் எழுத வேண்டா. ஆனால் எழுதப்பட்டது என்ன செய்கிறது, எவ்வளவு காலமும் செலவும் ஆகும் என்று கேட்டறியும் அளவுக்கேனும் கற்க வேண்டும். சில துளிக் குருதியில் பல நோய்களைக் கண்டறிவதாக அமெரிக்காவில் முழங்கிய தெரானோஸ் நிறுவனத்தின் கருவி சொன்னதைச் செய்யவில்லை. அதைத் தோற்றுவித்தவர் மோசடிக் குற்றவாளி என 2022இல் தீர்ப்பாயிற்று. இயலாததை இயலும் என்று விற்பவர் எவராயினும் வீழ்வர். கருவியின் உண்மை நிலையை அறிய முயலாத தலைவரோ தம்மை அறியாமலே அப்படுகுழியை நெருங்குவர்.

இனி, சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நிலத்திலும் கட்டடத்திலும் முதலிடத் தயங்காத நாம், ஓர் இளைஞரின் எண்ணத்தில் முதலிடத் தயங்குகிறோம். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தந்து, இலாபத்தை ஒப்புக்கொண்ட விகிதத்தில் பகிரும் முளாரபா முறை நமக்குப் புதிதன்று. வட்டியின்றிப் பங்கு அடிப்படையில் முதலிடும் இக்கால நிறுவன முறையும் அதற்கு நெருங்கியதே. ஒரு தோப்பின் ஒரு பருவ வருவாயில் சிறு பகுதியேனும் இவ்வழியில் திரும்பினால், முதல் முயற்சிக்கு ஒரு குழு உருவாகிவிடும். அம்முயற்சி தோற்றால் அவ்விளைஞரை ஏளனம் செய்யாதிருப்பதும் பெரியோர் அளிக்கும் முதலே.

ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் தகுமா? இரு துறை மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து, தம் ஊரின் ஒரு குறையை எடுத்துக்கொண்டு ஆறு திங்கள் உழைக்கட்டும். உழவரிடம் சென்று கேட்பவர் ஒருவர், கருவியை அமைப்பவர் மற்றொருவர் என நம் எல்லைப்புறத்தின் முதல் நிறுவனம் அம்மேசையிலேயே தொடங்கலாம்.