ஊர் ரெண்டுபட்டால் நமக்குக் கொண்டாட்டமா?

"அமெரிக்காவும் சீனாவும் அடிச்சுக்கிட்டா நமக்குத்தான் சார் லாபம்." ஏழெட்டு வருடமாக இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டிவியில் கோட் போட்டவர்களும் சொல்கிறார்கள், எங்கள் வங்கி கேண்டீனிலும் சொல்கிறார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம்.

சரிங்க. அந்தக் கூத்தாடிக்கு ஆடத் தெரிந்திருக்க வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். வர்த்தகப் போர் தொடங்கிய 2018இல் அமெரிக்கா இந்தியாவிடம் வாங்கிய சரக்கு சுமார் 54 பில்லியன் டாலர். வியட்நாமிடம் வாங்கியது சுமார் 49. நாம்தான் முன்னால் இருந்தோம். 2024இல் நாம் சுமார் 87, வியட்நாம் சுமார் 136! பத்துக் கோடிப் பேர் வாழும் நாடு அது. "அதெல்லாம் வியட்நாம் வழியாகப் போகிற சீனச் சரக்கு" என்பீர்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் கூலி வாங்குவது யார்? வியட்நாம்காரர்தானே. 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடான அவர்களது ஒப்பந்தம் அமலுக்கு வந்தது, ஆர்செப்பிலும் கையெழுத்துப் போட்டார்கள். நாம் 2019 நவம்பரிலேயே ஆர்செப்பை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

அடுத்து வீரவசனம். 2020இல் கல்வான் மோதலுக்குப் பிறகு "சீனப் பொருளைப் புறக்கணிப்போம்" என்று டிவி பெட்டியை மாடியிலிருந்து போட்டு உடைத்தார்களே, நினைவிருக்கிறதா? 2020-21இல் சீனாவிலிருந்து நம் இறக்குமதி சுமார் 65 பில்லியன் டாலர். 2024-25இல் 113 பில்லியன்! நாம் அவர்களுக்கு விற்றது சுமார் 14 பில்லியன். துண்டு விழுந்தது 99 பில்லியன்.

சூரத்தில் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எம்ப்ராய்டரி மெஷின், தறி, உதிரி பாகம், சாயத்துக்கான ரசாயனம் என்று பில் வந்துகொண்டே இருக்கிறது. வாட்ஸப்பில் புறக்கணிப்பு ஸ்டேட்டஸ் வைத்த வாடிக்கையாளரே அடுத்த வாரம் சீன மெஷினுக்கு எல்.சி. திறக்க வருகிறார் :-) அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த விலையில் அந்த மெஷின் உள்ளூரில் இருந்தால் அவர் ஏன் அங்கே போகிறார்?

இப்போது 2025க்கு வருவோம். ஏப்ரலில் அமெரிக்கா சீனா மீதான வரியை 145 சதவீதத்துக்கு ஏற்றியது. சீனா 125 சதவீதம் என்று பதிலுக்கு ஏற்றியது. கூடவே மோட்டார்களுக்குத் தேவையான ஏழு வகை அருமண் தாதுக்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று பூட்டுப் போட்டது. மே மாதமே ஜெனீவாவில் பேசி அமெரிக்கா 30க்கும் சீனா 10க்கும் இறங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் நம் சரக்கு பலவற்றுக்கு 50 சதவீத வரி விழுந்தது. நம்மிடம் பூட்ட என்ன இருந்தது? காந்தம் கிடைக்காமல் நம் வாகனக் கம்பெனிகளே அந்தக் கோடையில் தவித்துக்கொண்டிருந்தன. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டிப் போட்ட கூடுதல் 25 சதவீதம் விலக 2026 பிப்ரவரி ஆயிற்று.

நடுவில் அடிபட்டது யார்? இங்கே வைரம் பட்டை தீட்டுகிறவர், நம்ம திருப்பூரில் பனியன் தைக்கிறவர். ஆர்டரைக் காட்டித்தான் பேக்கிங் கிரெடிட் வாங்குகிறார்கள். ஆர்டர் ரத்தானால் கடன் ரத்தாகுமா? வட்டி ஓடும். முதலாளி ஷிஃப்டைக் குறைப்பார். பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு அந்த வாரம் சம்பளம் பாதி. ரிசர்வ் வங்கி ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் கெடுவை 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. நல்லதுதான். ஆனால் கெடு நீண்டால் ஆர்டர் வந்துவிடாது.

"செல்போன் ஏற்றுமதி எகிறியிருக்கே?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், சந்தோஷம். அந்த போனுக்குள் இருக்கும் பாகங்களில் எத்தனை இங்கே செய்தவை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உலக வர்த்தகத்தில் மரியாதை, நீ இல்லாமல் அடுத்தவனுக்கு வேலை ஓடாது என்ற நிலையில்தான் வரும். அதற்கு மெஷின் செய்ய வேண்டும், ரசாயனம் செய்ய வேண்டும், சிறு தொழிலுக்கு மலிவான கடன் வேண்டும், பத்து வருடம் பொறுமை வேண்டும். அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்த்துக் கைதட்டினால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

கூத்தாடி முதலில் கூத்துக் கற்கட்டும். கொண்டாட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?