ஊசி ஒத்துக்குமான்னு கேட்கிறாங்க... மக்காச்சோளம் ஒத்துக்குமான்னு கேட்பது யார்?

சங்கரன்கோவில்:

சங்கரன்கோவில் அருகே உள்ள குருவிகுளம் வட்டாரத்தில் மக்காச்சோளம் என்றால் அது காசு. கரிசல் காட்டில் மழையை நம்பி விதைத்து, கதிர் ஒடித்து, மெஷினில் அடித்து, ரோட்டோரம் காயப்போட்டு, கோழித்தீவனத்துக்கு மூட்டை மூட்டையாக லாரி ஏற்றுகிறார்கள். பல வீடுகளில் அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில்தான்.

அதே மக்காச்சோளம் ஒருத்தர் உடம்புக்கு ஆகாது என்றால்? அவர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால்? யாரும் யோசிக்காத சிக்கல் அங்கேதான் காத்திருக்கிறது.

அரிது... ஆனால் உண்டு!

நிலக்கடலை, முட்டை, இறால் ஒவ்வாமை போல இது அடிக்கடி காதில் விழும் சங்கதி அல்ல. அதனாலேயே டாக்டர், நர்சுகளுக்கும் சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆனால் இல்லாத நோய் அல்ல. மக்காச்சோளத்தில் உள்ள எந்தப் புரதம் இந்தத் தொல்லையைக் கொடுக்கிறது என்று 2000-ம் ஆண்டிலேயே இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். அந்தப் புரதம் சூட்டுக்கு லேசில் அழியாது. "நல்லா வேக வச்சுத்தானே தின்னேன்" என்ற சமாதானம் இதில் செல்லாது.

உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் மூச்சு இழுக்கும், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். நேரம் தவறினால் உயிருக்கே ஆபத்து. நம்ம பக்கம் இதை "சூடு", "பித்தம்", "பூச்சிக்கடி" என்று சொல்லி, கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம்.

மாத்திரையிலும் சோளம்!

ஆஸ்பத்திரியில் மக்காச்சோளம் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் இல்லை. மாத்திரையை உருட்டித் திரட்டச் சேர்க்கும் மாவு பல நேரம் மக்காச்சோள மாவுதான். அட்டையில் மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக இருக்கும். மற்றதெல்லாம் "எக்சிபியன்ட்ஸ்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

டிரிப் ஏற்றும் குளுக்கோஸ், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கதையும் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸ் மாவுச்சத்தில் இருந்து எடுக்கப்படுகிறது. மரவள்ளியிலும் எடுக்கலாம் என்றாலும், மக்காச்சோளமே முக்கிய மூலப்பொருள்.

ரப்பர் கையுறைக்குள் தடவும் பவுடரும் மக்காச்சோள மாவுதான். அது காற்றில் பறந்து மூச்சுக்குழாயைப் பாதிக்கிறது, ஆபரேஷன் செய்த இடத்திலும் தொல்லை தருகிறது என்று சொல்லி, பவுடர் தடவிய மருத்துவக் கையுறைகளுக்கு அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை போட்டது.

பயந்து டிரிப்பை பிடுங்கலாமா?

கூடவே கூடாது. குளுக்கோசை நன்றாகச் சுத்திகரிக்கும்போது ஒவ்வாமை தரும் புரதம் ஏறக்குறைய முழுசாகப் போய்விடும். மக்காச்சோளம் ஆகாதவர்களில் பலருக்கும் அது ஒன்றும் செய்யாது. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு குளுக்கோஸ்தான் உயிர் காக்கும் மருந்து.

ஆனாலும் சில குளுக்கோஸ் டிரிப் மருந்துகளின் குறிப்பேட்டில், மக்காச்சோள ஒவ்வாமை உள்ளவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை என்று கம்பெனிகளே அச்சடித்திருக்கின்றன. விஷயம் முன்கூட்டியே தெரிந்தால், உடம்பு நிலையைப் பார்த்து குளுக்கோஸ் இல்லாத நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட் போன்றவற்றை ஏற்றலாமா என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். தெரியாவிட்டால்?

சோளமா, மக்காச்சோளமா?

இன்னொரு குழப்பம் பேச்சில் இருக்கிறது. கரிசல் காட்டில் 'சோளம்' என்றால் கூழுக்குப் போடும் நாட்டுச்சோளம். டவுன் கடையில் 'சோள மாவு' என்றால் மக்காச்சோளத்தில் எடுத்த கார்ன் ஃப்ளோர். "எனக்கு சோளம் சேராது" என்று ஒரு பாட்டி சொன்னால், எந்தச் சோளம் என்று கேட்க வேண்டும். வெளியூரில் இருந்து வந்த இளம் டாக்டருக்கு இது தெரிய நியாயமில்லை. அதே பாட்டி ஓட்டலில் சோள மாவு கரைத்த சூப்பைக் குடித்துவிட்டு, என்ன ஆச்சுன்னே தெரியாமல் தவிப்பார்.

பாக்கெட்டைப் படித்தாவது தப்பிக்கலாம் என்றால் அதிலும் ஓட்டை. மத்திய அரசின் 2020-ம் ஆண்டு உணவு லேபிள் விதிகளில் கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா எல்லாம் ஒவ்வாமைப் பட்டியலில் உண்டு. மக்காச்சோளம் இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா பட்டியல்களிலும் அது இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று ஆஸ்பத்திரி... மூன்று சீட்டு!

கிராமத்து நோயாளி முதலில் போவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே முடியாவிட்டால் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே தென்காசி தலைமை மருத்துவமனை அல்லது பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்திலும் புதுச் சீட்டு, புது டாக்டர். நோயாளி மயக்கத்தில் இருந்தால், முதல் இடத்தில் சொன்ன விஷயம் மூன்றாவது இடத்துக்கு எப்படிப் போகும்?

எல்லா இடத்திலும் கேட்கும் கேள்வி, "ஊசி, மருந்து எதுவும் ஒத்துக்காதா?" என்பதுதான். "சாப்பாட்டில் எது ஆகாது?" என்ற கேள்வியும் சேர வேண்டும். பதிலை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டும். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டிலும் அந்த வரி போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்த அட்டையிலும் இந்த ஒரு வரியைச் சேர்க்கலாம். பத்து பைசா செலவில்லை.

நோயாளிகள் செய்ய வேண்டியதும் உண்டு. சந்தேகம் இருந்தால் தானாக முடிவு கட்டாமல், பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, தோல் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். தினசரி மாத்திரையைச் சொந்த யோசனையில் நிறுத்தக்கூடாது. உறுதியானால் 'மக்காச்சோளம் ஆகாது' என்று எழுதிய சீட்டை ஆதார் கார்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிய வேண்டும். மூச்சு இழுத்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ கூப்பிட வேண்டும். அப்போது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. வெறும் அரிப்பு மாத்திரை போதாது.

மக்காச்சோளம் விளையும் பூமி இது. இந்தக் கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டிய இடமும் இதுதான். ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு வரி. சுகாதாரத்துறை மனசு வைக்குமா?